மிஷனெரியின் மனைவி என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம்: மலாவியில் ஒரு நெல்லைத் தம்பதியின் அன்றாடம்

முதலூர்க்காரி எழுதியது:

அடுத்த மாதம் எங்கள் சேகரத்தில் (பக்கத்துச் சபைகள் சில சேர்ந்த வட்டாரம்) மிஷனெரி ஞாயிறு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் மலாவியில் ஊழியத்தில் இருக்கிறார்கள், அதனால். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் இருக்கிற சின்ன நாடு. ப்ளாண்டயர் நகரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பணித்தளம். மாப்பிள்ளைதான் பொறுப்பாளர், சுற்றியுள்ள கிளைச் சபைகளும் அவர் பார்வையில்தான்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கமாக என்ன பேசுவோம்? இத்தனை சபை, இத்தனை ஞானஸ்நானம், கட்டடம் பாதியில் நிற்கிறது, தாராளமாகக் கொடுங்கள். அதையெல்லாம் மாப்பிள்ளையே, தாங்குகிற சபைகளுக்கு அனுப்புகிற ஜெபக்கடிதத்தில் எழுதிவிடுகிறார். நான் தங்கையின் ஒரு நாளைப் பேசலாம் என்று இருக்கிறேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலை ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் ஆள் நிற்கும். ஜனவரி, பிப்ரவரி என்றால் பெரும்பாலும் மாவு கேட்டு வருகிறவர்கள். அங்கே மக்காச்சோளம்தான் சோறு. மழை நவம்பர் கடைசியில் பிடிக்கும், ஏப்ரல் வாக்கில் அறுப்பு. போன வெள்ளாமையில் கிடைத்தது பல வீடுகளில் வருஷப் பிறப்போடு தீர்ந்துவிடும். பயிர் பச்சையாக நிற்கும், வீட்டில் குத்த ஒரு மணி இருக்காது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்கிற தீர்மானம் முழுக்கக் கதவைத் திறக்கிறவளுடையது. மாப்பிள்ளை அந்நேரம் மோட்டார் சைக்கிளில் கிளைச் சபைக்குக் கிளம்பியிருப்பார். தங்கை ஊரிலுள்ள வயசான பெண்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள். தெம்பு உள்ளவர்கள் சபைத் தோட்டத்தில் களை எடுத்துவிட்டு மாவு வாங்கிக்கொள்ளலாம். கிழவிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் கேள்வி இல்லை, அப்படியே கொடுத்துவிடுவது. யார் வீட்டில் நிஜமாகவே அடுப்பு எரியவில்லை என்பது அந்தப் பெண்களுக்குத்தானே தெரியும்.

அப்புறம் தண்ணீர். அடிபம்பில் வரிசை நின்று அடித்து எடுக்க வேண்டும். மின்சாரம் வரும், போகும், சில நாள் வராது. சமையல் கரி அடுப்பில். காலையில் துணி துவைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, பத்து மணிக்குப் பெண்களுக்கு எழுத்து வகுப்பு எடுப்பாள். மத்தியானம் யாராவது விருந்தாளி வராத நாள் இல்லை. வேறு கிராமத்துப் போதகர்கள் நடந்தே வருவார்கள், சாப்பிடாமல் அனுப்ப முடியாது. சாயங்காலம் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தால், சுகாதார நிலையத்துக்குக் கூடவே போக வேண்டும். மலேரியா அங்கே வருஷம் முழுக்க உண்டு. மழைக்காலத்தில் கூடுதல்.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. துக்க வீடு. ஒரு சாவு விழுந்தால் ஊரே வேலையை நிறுத்திவிடும். ஆண்கள் வெளியே மரத்தடியில் இருப்பார்கள். பெண்கள் செத்த வீட்டுக்குள் தரையில், தோளோடு தோள் ஒட்டி, கால் நீட்டி உட்காருவார்கள். வருகிற பெண் ஒவ்வொருத்தியும் தட்டிலோ வாளியிலோ மாவோ, தலையில் ஒரு சுமை விறகோ கொண்டு வருவாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதில்தான் சாப்பாடு. பாட்டு ஓயாது, ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி எடுப்பாள். அடக்கம் முடிகிற வரை ராத்திரியும் அங்கேதான். தங்கை சிதேன்ஜே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு (நம் ஊர் லுங்கி அகலத்துக்குப் பூப்போட்ட துணி, அது இல்லாமல் அங்கே பெண்கள் துக்க வீட்டுக்குப் போகமாட்டார்கள்) அந்தத் தரையில் இடம் பிடித்து உட்காருவாள். மாப்பிள்ளை வந்து அடக்க ஆராதனை நடத்திவிட்டுப் போவார். அவள் செத்தவளின் தாயாரைச் சாய்த்துப் பிடித்தபடி விடிய விடிய இருப்பாள்.

ஜெபக்கடிதத்தில் இது எப்படி வருகிறது? ‘சகோதரர் அடக்க ஆராதனை நடத்தினார்.’ அவ்வளவுதான்.

அனுப்பியது இரண்டு பேரை. நம் கணக்கில் ஒரு ஆள்தான் இருக்கிறார். இதைச் சபையில் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?

இடையன்குடி வாத்தியார் எழுதியது:

அம்மா, கண்டிப்பாகச் சொல்லுங்கள். இது நம் சீமைக்குப் புதிய கதை இல்லை.

எங்கள் ஊரில் கால்டுவெல் ஐயர் 1841இல் வந்து இறங்கினார். அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1877இல் பேராயர் பட்டம், 1880இல் பிரதிஷ்டையான திரித்துவ ஆலயம். அவர் 1844இல் மணந்த எலைசா அம்மையாரைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் தம்பதியின் மகள். பிள்ளைப் பருவத்திலிருந்தே தமிழ் காதில் விழுந்து வளர்ந்தவர். மணமாகி இடையன்குடிக்கு வந்தவர் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். தாயார் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் வேலையை இங்கே கொண்டுவந்தார். பனை ஏறுகிற வீடுகளின் பெண்கள் கையில் தங்கள் சொந்தக் காசு என்று ஒன்று புழங்கியது அந்த ஊசி வேலையால்தான்.

சுற்றிலும் தேரி மணல், கோடையில் காலை வைக்க முடியாத சூடு. அங்கே பிள்ளை பெற்று, வளர்த்து, பள்ளி நடத்தி, வந்தவருக்கெல்லாம் சோறு போட்ட வீடு அது. அந்த வீடு நடந்ததால்தான் ஐயர் உட்கார்ந்து எழுத முடிந்தது என்பது என் திடமான எண்ணம். இன்று அரசு அதை நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. போகிறவர்கள் ஐயர் சிலையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். லேஸ் பற்றிக் கேட்கிறவர் குறைவு.

மெஞ்ஞானபுரத்திலும் அப்படித்தான். 192 அடிக் கோபுரம் என்றதும் ஜான் தாமஸ் ஐயர் பெயரைச் சொல்வோம். அவருடைய அம்மாவும் மகளும் பெண்பிள்ளைகள் படிப்புக்காக அந்த ஊரில் உழைத்தது இரண்டாம் பட்சமாகிவிட்டது. ‘அம்மா’ என்று நான் சொல்வது ஐயர் மனைவியை. எங்கள் பக்கத்து வழக்கம்.

பாளை டிரஷரர் எழுதியது:

உணர்ச்சிவசப்படாமல் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சபையும் ஒரு மிஷனெரி குடும்பத்தைத் தாங்குகிறது. குடும்பத்துக்கு என்று ஒரு படிப்பணம் போகிறது, பிள்ளைகள் படிப்புக்குத் தனியாக. மனைவியும் மிஷனெரிதான் என்று எழுதினால் அடுத்த கேள்வி அவருக்கும் சம்பளமா என்பதாகத்தான் இருக்கும். கைப்பிடி அரிசி எடுத்து வைத்துக் காணிக்கை கொடுக்கிற சபை இது. பீடி சுற்றுகிற வீட்டிலிருந்தும் பணம் வருகிறது. ஒரு குடும்பத்துக்கு இரட்டிப்பாக்கினால் இன்னொரு குடும்பத்தைக் கைவிட வேண்டிவரும். அதையும் யோசிக்க வேண்டும்.

முதலூர்க்காரி எழுதியது:

அண்ணாச்சி, நியாயமான கேள்வி. நான் இரண்டாவது சம்பளம் கேட்கவில்லை, தங்கையும் கேட்டதில்லை. கேட்பது வேறு.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளைக்குச் சிச்சேவா மொழி படிக்க ஒரு ஆசிரியரை ஏற்பாடு செய்து, அதற்குப் பணமும் கொடுத்தார்கள். தங்கைக்கு அது இல்லை. வகுப்பு நடக்கிற நேரத்தில் அவள் ஆசிரியருக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். பெண்களோடு பழகுகிற வேலை முழுக்க அவளுடையது, மொழி மட்டும் அவருக்கு. அவள் கற்றுக்கொண்டது அடிபம்பு வரிசையிலும் துக்க வீட்டிலும்தான். இன்றைக்கு அவள் பேசுவதைக் கேட்டு அங்குள்ள பெண்களே மெச்சுகிறார்கள். ஆனால் வேதாகமப் பாடம் எடுக்கும்போது வாக்கியம் சரியாக அமைக்க இன்னும் கஷ்டப்படுகிறாள். அந்த மொழியில் ஒவ்வொரு வகைச் சொல்லுக்கும் முன்னால் ஒரு ஒட்டு வரும், அதற்கேற்ப வினையும் எண்ணும் எல்லாம் மாறும். அதை ஒருவர் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

இப்படித் தனித்தனியாக யோசித்தால் பெரிய தொகை ஆகாது. மொழி ஆசிரியருக்கான பணம் இரண்டு பேருக்கும். ஊருக்கு வருகிற விடுப்பில் அவளுக்கும் முழு மருத்துவப் பரிசோதனை. கடிதத்தில் அவள் பெயர், அவள் செய்த வேலை, அவளே எழுதிய ஒரு பத்தி.

லிம்பே தமிழன் எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம். ப்ளாண்டயரை ஒட்டிய லிம்பேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் இந்தத் தம்பதி போன்றவர்களைப் பார்த்திருக்கிறேன், பழகியிருக்கிறேன். பணம் பற்றிப் பேச்சு வந்ததால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

நீங்கள் ரூபாயில் அனுப்புகிறீர்கள், அது டாலராகி இங்கே மலாவிப் பணமான குவாச்சாவாகிறது. 2023 நவம்பரில் அரசு ஒரே நாளில் குவாச்சா மதிப்பை 44 சதவீதம் இறக்கியது. வெளியிலிருந்து பணம் வருகிறவர்களுக்கு லாபம்தானே என்று தோன்றும். கையில் குவாச்சாவாகச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, கட்டட நிதி மாதிரி, பணம் கரைந்துபோனது. சோப்பு, எண்ணெய், சர்க்கரை, பஸ் கட்டணம் எல்லாம் ஏறியது. சம்பளம் ஏறவில்லை. அதனால் வாசலில் வந்து நிற்கிறவர்கள் எண்ணிக்கை கூடியது. அந்த அம்மா சொல்கிற மாவுக் கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. பெட்ரோல் தட்டுப்பாடு வந்தால் பங்கில் ராத்திரியெல்லாம் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். கிளைச் சபைக்குப் போவது அதோடு நின்றுவிடும்.

இன்னொன்று சாப்பாடு. இங்கே துவரை நன்றாக விளையும். தென் மலாவியில் வீட்டுக்கு வீடு சோளத்தோடு ஊடுபயிராகப் போடுகிறார்கள். 2021இல் வருஷத்துக்கு 50,000 டன் வரை வாங்கிக்கொள்வதாக இந்தியாவே ஒப்பந்தம் போட்டது. ஆகவே சாம்பாருக்குப் பஞ்சமில்லை. மரச்சீனிக் கிழங்கு, சீனிக்கிழங்கு, நிலக்கடலை, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. மலாவி ஏரியில் உசிப்பா என்று நெத்திலி அளவில் ஒரு மீன், கரையில் பரண் கட்டிக் காயவைப்பார்கள். நம் ஊர்க் கருவாட்டுக் குழம்புக்கு அப்படியே பொருந்தும். மிளகாய்வற்றல், மல்லி, பெருங்காயம் லிம்பேயில் குஜராத்திக் கடைகளில் கிடைக்கும். கிராமத்திலிருந்து வந்து வாங்கிப்போக ஒரு முழு நாள் ஆகும்.

தாழையூத்து நர்ஸ் எழுதியது:

நானும் என் கணவரும் ஆப்பிரிக்காவில் ஒரு பணித்தளத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறோம். இடம் இன்னும் முடிவாகவில்லை, மலாவியாகவும் இருக்கலாம். இந்த இழையைக் கண்டதும் உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன்.

நேர்காணலில் அவரிடம் வேதம், தலைமை, மொழி, உடல்நிலை என்று நிறையக் கேட்டார்கள். என்னிடம் கேட்டது ‘நீங்களும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறீர்களா?’ ஒன்றுதான். நான் பிரசவ வார்டில் வேலை செய்தவள். அங்கே என் படிப்பைப் பயன்படுத்த முடியுமா, அதற்கு அனுமதி வேண்டுமா என்று நானாகத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மலாவியில் இருப்பவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

லிம்பே தமிழன் எழுதியது:

அனுமதி கட்டாயம் வேண்டும், சகோதரி. இங்கே நர்ஸ், மருத்துவச்சி இருவருக்கும் சேர்த்து ஒரு தேசிய கவுன்சில் இருக்கிறது. அதில் பதிவு செய்யாமல் ஊசி போடுவதோ பிரசவம் பார்ப்பதோ கூடாது. சான்றிதழ், உங்கள் மாநிலக் கவுன்சிலின் நற்சான்று எல்லாம் ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். இங்கே வந்தபிறகு அதற்காக அலைவது சிரமம். விசாவிலும் நீங்கள் கணவரைச் சார்ந்தவர் என்று மட்டும் பதிவானால் வேலை செய்ய முடியாது. உங்களை அனுப்புகிறவர்களிடம் இதை முதலிலேயே கேளுங்கள்.

மேரியக்கா, வள்ளியூர் எழுதியது:

நான் இந்தியாவுக்குள்ளேயே, குஜராத்தில் டாங் மலைப்பக்கம் என் வீட்டுக்காரரோடு ஊழியத்தில் இருந்தவள். வெளிநாடு இல்லைதான். ஆனாலும் திருநெல்வேலிப் பெண்ணுக்கு மொழி தெரியாத இடம் எல்லாம் பரதேசம்தான்.

முதலூர்த் தங்கச்சி ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாள், பிள்ளைகளை. அவள் பிள்ளைகள் இன்னும் சின்னதுகளாக இருக்கும், வீட்டிலேயே படிக்கிறதுகள். கொஞ்சம் வளர்ந்ததும் அந்தக் கேள்வி வரும். எங்கள் பிள்ளைகளை டோனாவூர் சந்தோஷ வித்யாலயாவில் விட்டோம். மிஷனெரி பிள்ளைகளுக்கென்றே நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு நடத்துகிற பள்ளி. நல்ல பள்ளி, அன்பான ஆசிரியர்கள், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், நல்ல காற்று. எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு ரயில் ஏறுகிற தாயின் வயிறு என்ன பாடுபடும் என்று எந்த ஜெபக்கடிதத்திலும் வராது. சூரத் வரை நான் பேசவே இல்லை. பணித்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே ஒரு பிரசவ வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், போனேன்.

இன்னொன்று, விடுப்பு. பெயர்தான் விடுப்பு. ஊருக்கு வந்ததும் ஞாயிறுதோறும் ஒரு சபை, நடுவில் ஜெபக்கூட்டம், அசனம் (சபை விருந்து), கன்வென்ஷன், ஸ்தோத்திரப் பண்டிகை. எல்லா இடத்திலும் அவர் பேசுவார், நான் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார வேண்டும். ‘ஒரு பாட்டுப் பாடுங்கம்மா’ என்பார்கள். பிள்ளைகளுக்கு அம்மா கிடைத்தது போதவே போதாது. எங்கள் அம்மா படுக்கையில் இருந்தார்கள், அவர்கள் பக்கத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருக்க முடியவில்லை. அடுத்த விடுப்புக்கு முன்னால் அம்மா போய்விட்டார்கள்.

டிரஷரர் தம்பி, பணம் கேட்கவில்லை. ஊருக்கு வந்த முதல் மாதம் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை. அதைச் செய்தாலே போதும்.

பாளை டிரஷரர் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்து ரொம்ப நேரம் யோசித்தேன். விடுப்பு விஷயம் முழுக்க எங்கள் கையில் இருப்பது. கூட்ட அட்டவணை போடுவதே எங்கள் கமிட்டிதான். முதல் மாதத்தை விட்டுவிட்டுப் போடுவது என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். முதலூர் சகோதரி சொன்ன மொழிப் படியும் சேர்க்கக்கூடியதுதான்.

சாயர்புரம் ஜெபராஜ் எழுதியது:

நல்ல விவாதம். ஆனால் ஒன்றில் மாறுபடுகிறேன். மனைவி செய்வதையெல்லாம் ஊழியம் என்று பட்டியல் போட ஆரம்பித்தால், அது அவர்கள் மேல் கட்டாயமாகிவிடாதா? என் அண்ணன் மனைவி மிஷனெரி வீட்டில் இருக்கிறார். அவர் மேடைக்கு வர விரும்பாதவர், குடும்பத்தைக் கவனித்தால் போதும் என்று இருப்பவர். நீங்கள் இப்படி எழுதப்போய், நாளைக்குக் கமிட்டிக்காரர்கள் ‘உங்கள் அறிக்கை எங்கே அம்மா?’ என்று அவரிடம் கேட்பார்கள். அன்பினால் செய்வதைக் கணக்கில் கொண்டுவந்தால் அதன் அழகு போய்விடும்.

முதலூர்க்காரி எழுதியது:

தம்பி, அவர்கள் விருப்பப்பட்டு வீட்டோடு இருந்தால் இருக்கட்டும். அதையும் அவர்களிடம் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள முடியும்? இப்போது கேட்பதே இல்லை. கணவரைக் கேட்டுவிட்டு இருவர் சார்பிலும் எழுதிக்கொள்கிறோம்.

கட்டாயம் என்கிறீர்களே, அது இப்போதே இருக்கிறது. அங்குள்ள சபைப் பெண்கள் ஒரே நிறச் சீருடை போட்டுக் கூடுகிற சங்கம் ஒன்று உண்டு, நம் பெண்கள் ஐக்கிய சங்கம் மாதிரி. போதகரின் மனைவி என்றால் அதில் முன்னால் நிற்க வேண்டும். விருந்து, துக்கம், பிரசவம், புருஷன் பெண்டாட்டி சண்டை, எல்லாம் அவள் வாசலுக்கு வரும். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வேலை தலையில் ஏறிவிட்டது. அதை வெளியே சொன்னால் பாரம் கூடாது, தாங்க இன்னொரு கை வரும்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்ததே, அப்போது நடந்ததைச் சொல்கிறேன். மலாவியில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், ப்ளாண்டயரைச் சுற்றி மலைச்சரிவுகள் வீடுகளோடு சேர்ந்து இறங்கிவிட்டன. பள்ளிக்கூடங்கள் எல்லாம் முகாம்கள். மாப்பிள்ளை அதிகாரிகள், மற்றச் சபைத் தலைவர்கள் கூட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தார், அதுவும் தேவையான வேலைதான். தங்கை முகாமில் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். சோள மாவும் சோயா மாவும் கலந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சுகிற கஞ்சி. முதல் நாள் பானையைச் சுற்றி ஒரே நெருக்கடி, பெரியவர்கள் முந்திக்கொண்டார்கள். அவளோடு மாவுக் கணக்குப் போட்ட அதே வயசான பெண்கள் வந்து, பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்காரவைத்து, சின்னப் பிள்ளையிலிருந்து ஆரம்பித்து ஊற்றினார்கள். அன்றைக்கு ஊர்ப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்டார்கள் என்றால், அதற்கு முன்னால் துக்க வீட்டுத் தரையில் அவர்களோடு உட்கார்ந்திருந்ததால்தான்.

இது கடிதத்தில் வந்திருந்தால் நம் சபைப் பெண்கள் அதற்காக ஜெபித்திருப்பார்கள். வரவில்லை.

இடையன்குடி வாத்தியார் எழுதியது:

முதலூர் அம்மா சொன்னதைக் கேட்டதும் அசரியா பேராயர் நினைவுக்கு வருகிறார். வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் முன்னின்றவர். நம் ஜனத்தின் பணம், நம் ஜனத்தின் ஆள் என்பது அதன் அடிப்படை. ஐதராபாத் நிஜாம் சீமையில் தோர்ணக்கல்லைப் பணித்தளமாக எடுத்தார்கள். 1909இல் அவரே மனைவி அன்பு மரியம்மாளோடு அங்கே போய்ச் சேர்ந்தார். தெலுங்கு நாடு, இவர்களுக்கு அந்நிய நாடுதான். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

நடுவில் 1910இல் எடின்பரோ மாநாட்டில் ஒரு பேச்சுப் பேசினார். மேலை நாட்டு மிஷனெரிகளை நேருக்கு நேர் பார்த்து, உங்கள் தியாகத்துக்கு நன்றி சொல்வோம், ஆனால் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். சம்பளம் கொடுக்கிறவராக, உத்தரவு போடுகிறவராக இருந்துவிட்டு, ஒரே பந்தியில் உட்காராமல் போகிற உறவைத்தான் அவர் குறை சொன்னார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

இன்று நாம் அனுப்புகிற இடத்தில் இருக்கிறோம். நம் ஊரிலிருந்து போகிறவர்களைப் பார்த்து ஒரு மலாவிக்காரர் அதையே கேட்டால் என்ன பதில் சொல்வோம்? முதலூர் அம்மாவின் தங்கைதான் அந்தப் பதில் என்று நான் நினைக்கிறேன். தரையில் உட்கார்ந்தவர் அவர்.

1850களிலேயே இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு இங்கிருந்து உபதேசியார்கள் (சபையில் வேதம் போதிக்கிறவர்கள்) போனார்கள். அவர்கள் குடும்பத்துப் பெண்கள் அந்த லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எப்படி வாழ்ந்தார்கள் என்று யாராவது ஆராய்ந்து எழுத வேண்டும். சபைப் பதிவேடுகளில் ஆண்கள் பெயர்தான் வரிசையாக வருகிறது.

சாயர்புரம் ஜெபராஜ் எழுதியது:

வாத்தியார் ஐயா, அசரியா விஷயத்தை இந்தக் கோணத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் கவலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அண்ணியிடமே கேட்டுப் பார்க்கிறேன், அவருக்கு என்ன வேண்டும் என்று.

ஒரு சந்தேகம். மலாவியில் தலைமை எப்போதும் உங்கள் மாப்பிள்ளையிடமே இருக்குமா? அங்குள்ளவர்களிடம் ஒப்படைக்கிற எண்ணம் உண்டா?

முதலூர்க்காரி எழுதியது:

உண்டு. அந்த நாட்டுப் போதகர் ஒருவர் மாப்பிள்ளையோடு எல்லாக் கமிட்டியிலும் உட்காருகிறார். கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கிளைச் சபைகளில் பாதிக்குமேல் அவர்தான் இப்போது பார்க்கிறார். அவருடைய மனைவி எழுத்து வகுப்பை எடுத்துக்கொண்டார். தங்கை இப்போது அந்த வகுப்பில் பின்னால் உட்காருகிறாள், பாடப் புத்தகம் சிச்சேவாவில் என்பதால் அவளுக்கும் அது மொழி வகுப்பு. பெண்கள் பக்கம் பொறுப்பு கைமாறியது முதலில், ஆண்கள் பக்கம் பிறகு.

தாழையூத்து நர்ஸ் எழுதியது:

அக்கா, உங்கள் தங்கையோடு ஒரு தடவை பேச முடியுமா? எங்களை அனுப்புகிறவர்களிடம் கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன்: எனக்கும் மொழி வகுப்பு, என் விசா வகை, நர்ஸ் பதிவு, விடுப்பின் முதல் மாதம். வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவர்கள்தான் சொல்ல வேண்டும். கூடவே, என்ன கொண்டுபோகலாம் என்றும் கேட்க வேண்டும்.

மேரியக்கா, வள்ளியூர் எழுதியது:

மகளே, ஒன்றைச் சேர்த்துக்கொள். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கும்போது அவசரம் என்றால் நீ யாரைக் கூப்பிட வேண்டும், பணம் எடுக்க உன் கையெழுத்து செல்லுமா என்று கேள். எனக்கு அங்கே வங்கிக் கணக்கே இல்லை. அவர் காய்ச்சலில் படுத்தபோது பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

முதலூர்க்காரி எழுதியது:

மேரியக்கா சொன்னது தங்கைக்கும் நடந்திருக்கிறது. இப்போது கூட்டுக் கணக்கு இருக்கிறது.

நேற்று அவளிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். மிஷனெரி ஞாயிறன்று வாசிக்க அவளே ஒரு பக்கம் எழுதித் தருகிறாள், துக்க வீட்டைப் பற்றியும் மாவைப் பற்றியும். ஜெபக்கடிதத்திலும் இனி அவளுக்கென்று ஒரு பகுதி வேண்டும் என்று மாப்பிள்ளையே அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். அவருக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. ‘நீங்க சொல்லித்தான் ஆகணும் மைனி’ என்றார்.

தாழையூத்துத் தங்கச்சிக்கு: தாராளமாகப் பேசலாம். கொண்டுபோகிற சாமானில் கருப்பட்டியும் எங்கள் ஊர் மஸ்கோத் அல்வாவும் கெட்டுப்போகாமல் போய்ச் சேரும், நான் அனுப்பிப் பார்த்திருக்கிறேன். கொசுவலை அங்கேயே கிடைக்கும், சுமக்க வேண்டாம். நல்ல டார்ச்சும் சோலார் விளக்கும் கட்டாயம். அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். வியாழக்கிழமை அவளுக்கு வகுப்பு இல்லை, அங்கே மத்தியானம் இரண்டு மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்தரை. அப்போது கூப்பிடு. எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.